மனுவில் எழுதிய வயிறு

"ஹலோ... ஹலோ... ஹலோ! ஆமா, புதுக்கோட்டைதான்... ஆமா ஆமா, பஸ் கம்பெனிதான்... மெட்ராஸ் வந்துருச்சா? குடுங்க சார், குடுங்க, காலையிலருந்து காத்துக் கெடக்கோம்... ஹலோ! யாரு, சவரியப்பண்ணனா? ஆவூரு சவரியப்பண்ணனா பேசுறீங்க?... நான்தாண்ணே, மூக்கையா. பஸ் கம்பெனி புக்கிங் கிளார்க்கு மூக்கையா... கேக்குதுண்ணே, நல்லாக் கேக்குது. நீங்க சொல்லுங்க."

நல்லாவெல்லாம் கேட்கவில்லை. பெட்ரோல் இல்லாமல் போய்க் கரியில் ஓடத் தொடங்கியிருந்த வண்டிகளில் ஒன்றுக்கு வெளியே கொட்டகையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். விசிறிச் சக்கரம் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது, மெட்ராஸ் எங்கே கேட்கப் போகிறது? மூக்கையா ரிசீவரை ஒரு காதில் அழுத்தி, இன்னொரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கத்தினான். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். போகும்போது பேசிக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் போனார். இருந்தாலும் அவர் நாற்காலியில் உட்கார மனம் வராமல் நின்றபடியே பேசினான்.

வாசற்படியைப் பிடித்துக்கொண்டு அவனுடைய அக்கா ராசாத்தி நின்றாள். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து முதல் வண்டிக்கே வந்தவள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவள் புருஷன் பிச்சை பர்மாவில் ஒரு செட்டியார் கடையில் சமையல்காரர். தை மாதம் வந்ததுதான் கடைசிக் கடுதாசி. அப்புறம் ஜப்பான்காரன் வந்தான், ரங்கூன் விழுந்தது, கடுதாசியும் நின்றது. பர்மாவிலிருந்து காடு மலை கடந்து வந்து சேர்ந்தவர்களின் பட்டியல்கள் மெட்ராஸில் ஒரு அகதி ஆபீசுக்கு வருவதாகவும், அந்த ஆபீசில் ஆவூர்க்காரர் ஒருவர் குமாஸ்தாவாக இருப்பதாகவும் கேள்விப்பட்டு, வைகாசியில் மூக்கையா ஒரு மனு எழுதிப் போட்டான். இங்கிலீஷில். ஆடியும் முக்கால்வாசி போய்விட்டது. பதில் இல்லை. அதற்குத்தான் இந்த ட்ரங்க் கால்.

"நம்ம மனு கையிலயே வச்சிருக்கீங்களா? ரொம்ப சந்தோசம்ணே... என்னது? அர்த்தமா? எதுக்கு அர்த்தம்?... ஓ, ஸ்பேர் டயரா!" மூக்கையா சிரித்துவிட்டான். "இல்லண்ணே, இல்ல இல்ல, அவரு டயரெல்லாம் தூக்கிக்கிட்டு வரல. இந்த யுத்த காலத்துல டயரு எங்கண்ணே கெடைக்குது, கெடைச்சா மொதல்ல எங்க கம்பெனிதான் வாங்கும்... அது பேச்சு வழக்குண்ணே. இடுப்பச் சுத்தி வளையமாட்டம் சதை விழும் பாருங்க... வேட்டி கட்டுனா மேல பிதுங்கிக்கிட்டு நிக்கும்... ஆங், அதேதான்! அதத்தான் இங்கிலீசுக்காரங்க ஸ்பேர் டயருங்கிறது. டிக்சனரில இருக்காதுண்ணே. எங்க ஃபோர்மன் சட்டைக்காரரு, ஆங்கிலோ இந்தியரு, அவரு வாயிலருந்து வந்தது."

மூக்கையாவின் இங்கிலீஷ் பெருமை ஊரறிந்தது. நாலாவது பாரத்தோடு படிப்பு நின்றுவிட்டாலும் இங்கிலீஷை விடவில்லை. கம்பெனி ஃபோர்மன் வாயிலிருந்து ஒரு புது வார்த்தை விழுந்தால் போதும், டிக்கெட் அட்டையின் முதுகில் எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வான். அந்த மனுவுக்காக மட்டும் மூன்று சாயங்காலம் ஃபோர்மனுக்குக் காபி வாங்கிக் கொடுத்து, பருமனான ஆளை வெள்ளைக்காரர்கள் எப்படியெப்படிச் சொல்வார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டான். இப்போது மெட்ராஸ் ஆபீசிலிருந்தே அர்த்தம் கேட்கிறார்கள் என்றால் கேட்கவா வேண்டும்! நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"பாட் பெல்லி வேறண்ணே, ஸ்பேர் டயரு வேற. பாட் பெல்லின்னா பானை வயிறு. முன்னால தள்ளிக்கிட்டு நிக்கிறது. டயரு பக்கவாட்டுல... ரெண்டும் இருக்குண்ணே, எங்க மச்சானுக்கு ரெண்டும் உண்டு... டபுள் சின்னா? தாடைக்குக் கீழ இன்னொரு தாடை. அவரு குனிஞ்சு சிரிச்சா மூணுகூடத் தெரியும்... ஆமா ஆமா... புல் நெக்குன்னா பின்கழுத்துண்ணே. காளைக் கழுத்தாட்டம் தடிச்சு, மடிப்பு விழுந்து இருக்கும்... எழுதலாம்ணே, ஃபேட்டுன்னு ஒரே வார்த்தையில எழுதிரலாம், ஆனா அது மரியாதை இல்ல பாருங்க. எங்க அக்கா வீட்டுக்காரரு. ஸ்டவுட்டுன்னு எழுதுனாத்தான் ஒரு கௌரவம். ப்ளம்ப்புன்னா பொம்பளைக்கும் கொழந்தைக்கும் சொல்றது..."

என்ன பேசுகிறான் என்று ராசாத்தி கையாலேயே கேட்டாள்.

"மச்சான் ஒடம்பப் பத்தித்தாங்க்கா கேக்குறாரு. நீ சொன்னதத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஏழு மாதத்தில் அந்த முகத்தில் சிரிப்பு என்று வந்தது அப்போதுதான். கல்யாணத்தன்று பிச்சை விலா எலும்பை எண்ணிவிடலாம்போல இருந்தவர். பாத்திரம் கழுவுகிற வேலைக்குப் பர்மா போய், சமையல்காரராகி, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு சுற்றுப் பெருத்து வந்தார். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அரைஞாண் கயிறு புதிதாக வாங்க வேண்டியிருந்தது. போன தடவைக் கயிறு இடுப்பை எட்டாது. ஒருவேளைச் சோற்றுக்கே தாளம் போடுகிற ஊரில் அந்த வயிற்றைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அப்படியொரு பெருமை. கிணற்றடிப் பெண்கள், 'ஒன் புருசன் வயிறு வந்து ஒரு நாழி கழிச்சுத்தாண்டி ஒன் புருசன் வாராரு' என்று கேலி பேசுவார்கள். பேசட்டுமே என்று அவளும் சிரித்துக்கொண்டே தண்ணீர் இறைப்பாள்.

"சரிண்ணே, அர்த்தமெல்லாம் சொல்லிட்டேன். ஆளு... ஆளு இருக்காரா?... யாருமே இல்லயா? நல்லாப் பாத்தீங்களா?... பதினேழு லிஸ்ட்டுமா?... பருமனா ஒருத்தருகூடவா இல்ல?... அப்ப, அப்ப கப்பல்ல வந்திருப்பாருண்ணே. கப்பல்ல வந்தவங்க லிஸ்ட்டு தனியா இருக்குமே... மாசியோட கப்பலு நின்னு போச்சா... ம்... சரி... ஹலோ, எக்ஸ்சேஞ்சா? மூணு நிமிசம் ஆயிருச்சா? வச்சுராதீங்க சார், இன்னும் மூணு நிமிசம் குடுங்க, கொஞ்சம் தயவு பண்ணுங்க... அண்ணே, இருக்கீங்களா? சொல்லுங்க."

இந்தத் தடவை மெட்ராஸ் பக்கத்தில் பேச்சு நீண்டது. மூக்கையா இடையிடையே ம் மட்டும் கொட்டினான்.

"ம்... ஆமா, நடந்துதான்... மூணு மாசமா?... மூங்கில் குருத்தத் தின்னுக்கிட்டா... ம்... ம்... எலும்புந் தோலுமா... எல்லாருமேவா? நல்லாச் சாப்பிட்டு வளந்தவங்ககூடவா?... முதலாளிமாருமா..." குரல் இறங்கிவிட்டது. "அந்தப் பாதையில வந்தவங்கள்ல தொப்பையோட ஒரு ஆளுகூட வரலைங்கிறீங்க."

பச்சைக் குழந்தைக்கும் தெரிகிற விஷயம். மூன்று மாதம் பட்டினியாகக் காட்டில் நடக்கிறவனுக்கு ஏது வயிறு, ஏது இரட்டைத் தாடை? கிளம்பும்போது இருந்த சதையெல்லாம் வழியிலேயே கரைந்து போயிருக்காதா? இத்தனை இங்கிலீஷ் படித்தவனுக்கு அது மட்டும் எட்டாமல் போயிற்று. பிச்சையைத் தேடச் சொல்லி எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டு பிச்சையின் தொப்பையைத் தேடச் சொல்லி எழுதியிருக்கிறான். பாவம், சவரியப்பனும் பதினேழு பட்டியல்களில் இல்லாத தொப்பையைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"என்னண்ணே?... வேற அடையாளமா?"

மூக்கையா அக்காவைத் திரும்பிப் பார்த்தான். உடனே முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இருக்குண்ணே. ஒண்ணு இருக்கு... இல்ல, மனுவுல... அத விடுங்க, இப்ப சொல்றேன் எழுதிக்கங்க. வயித்துல, தொப்புளுக்கு மேல, சூடு போட்ட தழும்பு... ஆமாண்ணே, சூடுதான். கைக்கொழந்தையில இழுப்பு வந்து, பொழைக்காதுன்னுட்டாங்களாம். கம்பியக் காய்ச்சி இழுத்திருக்காங்க. நெடுக்க ஒண்ணு, குறுக்க ஒண்ணு... ஆமா, கூட்டல் குறியாட்டம்."

வைகாசியில் மனு எழுத உட்கார்ந்தபோது ராசாத்தி முதன்முதலில் சொன்னது இதைத்தான். 'சூட்டுத் தழும்ப மொதல்ல எழுது தம்பி, அது சாகுற வரைக்கும் மாறாது' என்றாள். தலையை ஆட்டிக்கொண்டான். எழுதவில்லை. படிக்கப் போகிறவன் வெள்ளைக்காரத் துரை. பெற்ற பிள்ளையைப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுடுகிற ஜனங்கள் என்று தெரிந்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பான்? காட்டுமிராண்டிகள் என்றுதானே? அந்த இடத்தில் ஸ்பேர் டயரைப் போட்டான். அக்காவுக்குப் படிப்பு கிடையாது. எழுதி முடித்து அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டியபோது, மனுவில் இல்லாத தழும்பையும் இருப்பதுபோலச் சேர்த்தே வாசித்தான். அவளும் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சரி போடு என்றாள்.

"அண்ணே?... லைன்ல இருக்கீங்களா?... பாக்குறீங்களா. பாருங்க பாருங்க, அவசரமில்ல, நான் நிக்கிறேன்... லிஸ்ட்டத் திருப்பிப் பாக்குறாருக்கா. சும்மா இரு, வரும்."

அந்தப் பக்கத்தில் காகிதம் புரளும் சத்தம் மட்டும் லேசாக வந்தது. எவ்வளவு நேரம் காத்திருந்தான் என்று அவனுக்கே தெரியாது.

"ம், சொல்லுங்க... பேரு தெரியாத ஆளு... ஏன் தெரியல?... காய்ச்சல்ல பேச்சு நின்னு போச்சா. சுத்தமாவா?... சரி... நாப்பத்தஞ்சு வயசு... தெக்கத்தி ஆளு... லூஸ் ஸ்கின்... என்ன வார்த்தைண்ணே அது? திருப்பிச் சொல்லுங்க... ஏப்ரனா? ஏப்ரன்னா சமையக்காரங்க முன்னால கட்டிக்கிற துணியில்ல?... ஓ... அப்படியும் சொல்றதுண்டா..."

இந்த ஒரு வார்த்தையை ஃபோர்மன் சொல்லிக்கொடுக்கவில்லை. பெருத்திருந்த வயிறு திடீரென்று வற்றிப்போனால் உள்ளே இருந்த கொழுப்புப் போய்விடும், தோல் மட்டும் எங்கே போகும்? முன்பக்கம் துணி மாதிரி மடிந்து தொடை வரைக்கும் தொங்கும். அதைத்தான் எல்லையில் அகதிகளுக்காகப் போட்டிருந்த கூடார ஆஸ்பத்திரியின் டாக்டர் ஏப்ரன் என்று எழுதியிருந்தார்.

"'ஒரு காலத்தில் மிகவும் பருமனாக இருந்தவராக இருக்க வேண்டும்'... டாக்டரே ஓரத்துல பொடியா எழுதியிருக்காரா... அந்த மடிப்புக்குள்ள?... மடிப்பத் தூக்கிப் பாத்தா?... கூட்டல் குறி. அண்ணே, கூட்டல் குறிதானே? பழைய தீக்காயம்னு போட்டிருக்கா?... அக்கா! அக்கா, மச்சான் இருக்காருக்கா! அஸ்ஸாம் ஆஸ்பத்திரியில இருக்காருக்கா!"

ராசாத்தி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஐயனாரே, ஐயனாரே என்று இரண்டு கையாலும் தலைக்கு மேல் கும்பிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியாதபடி அவள் முகம் கோணிக்கொண்டு போயிற்று. விசிறி சுற்றிக்கொண்டிருந்த ஆள்கூட ஒரு கணம் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

"நான் இன்னிக்கே கெளம்புறேண்ணே. முதலாளி வந்தவொடனே லீவு கேட்டுட்டு... பாஸ் ஏதாவது வாங்கணுமா? கல்கத்தா போயித்தானே மாறணும்?... என்னண்ணே?... ஏன் ஒரு மாதிரிப் பேசுறீங்க?... அது ஆனி மாசத்து லிஸ்ட்டா. சரி, இருக்கட்டும்... புதுசா வந்தத இன்னும் பாக்கலயா... பாருங்க. பாத்துட்டே சொல்லுங்க."

ரிசீவரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான். அக்காவைப் பார்த்து, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினான்.

"ம்."

அந்தப் பக்கத்தில் மறுபடி காகிதம் புரண்டது.

"ம்... எந்தத் தேதி?... ஜூலை பதினெட்டு."

விரலை மடக்காமல் மனத்துக்குள்ளேயே எண்ணினான். ஆடி மூன்று. இன்றைக்கு ஆடி இருபத்தொன்று. மூன்று நாளைக்கு முன்னால்தான் பதினெட்டாம் பெருக்கு. ஊர்ப் பெண்களோடு ராசாத்தியும் வாய்க்காலுக்குப் போய்ப் பழைய தாலிக்கயிற்றைக் கழற்றித் தண்ணீரில் விட்டுப் புதுக்கயிறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அந்த மஞ்சள் இன்னும் கழுத்தில் பளிச்சென்று ஒட்டியிருந்தது. அவள் அதைக் கட்டியபோது அவர் போய்ப் பதினைந்து நாள்.

"அங்க வந்து சேந்தது எப்பண்ணே?... ஜூன் எட்டு... அப்ப நாப்பது நாளு... நாப்பது நாளு அங்கயேவா... நம்ம காகிதம் ஒங்க கைக்கு எப்ப வந்துச்சு?... ஜூன் ஒண்ணு."

அதற்கு மேல் கணக்குப் பார்க்க ஒன்றுமில்லை. மனுவில் தழும்பு இருந்திருந்தால் அந்த ஆனி மாதப் பட்டியல் வந்த அன்றைக்கே சவரியப்பன் தந்தி அடித்திருப்பார். மூக்கையா ரயிலேறியிருப்பான். பேச முடியாமல் படுத்திருந்த மனுஷன் நம்ம ஊர் முகம் ஒன்றையாவது பார்த்திருப்பார். பிழைத்தே இருந்தாலும் இருப்பார். பாவி, பாவி என்று மூக்கையா தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

"தெரியும்ணே... நீங்க சொல்ல வேணாம், எனக்கே தெரியும்... இல்ல, ஒங்க மேல என்ன தப்பு. நீங்க என்ன செய்வீங்க... அண்ணே, அவர அங்கயே... ஹலோ? ஹலோ! எக்ஸ்சேஞ்சு! சார், வச்சுராதீங்க சார்! ஹலோ!"

லைன் போய்விட்டது. காதில் வெறும் உய்யென்ற சத்தம்.

ராசாத்தி எழுந்து நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் அந்தச் சந்தோஷம் இன்னும் இருந்தது. அதை எந்த வாயால் பிடுங்குவது? மூக்கையாவால் முடியவில்லை. ரிசீவரைக் கீழே வைக்கவும் முடியவில்லை.

"ஆங்... கேக்குதுண்ணே, கேக்குது. நடுவுல கட்டாயிருச்சு... சொல்லுங்க... கஞ்சி குடிக்கிறாரா? ரெண்டு வேளையுமா?... நல்லதுண்ணே... எந்திரிச்சு உக்காருறாரா... சரி சரி... மருந்தெல்லாம் தவறாமக் குடுக்குறாங்களா... நம்ம பக்கத்து ஆளு ஒருத்தரு கூடவே இருக்காரா? யாரு, கட்டுமாவடிக்காரரா? அப்பாடா. அக்கா, கட்டுமாவடிக்காரரு ஒருத்தரு தொணைக்கு இருக்காராம்... ம்... ம்... என்ன சொன்னாராம்?... இன்னிக்கு என்ன கொழம்புன்னு கேட்டாராமா? பாருங்களேன், படுத்துக் கெடக்கையிலயும் அவருக்குச் சமையல் நெனப்பு..."

சொல்லி முடிக்கும்போதே தெரிந்துவிட்டது. பேச்சு நின்றுபோன ஆள் குழம்பு கேட்பாரா? அதைச் சற்று முன்னால் இதே வாயால் உரக்கச் சொன்னவன் அவன்தான். அவள் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தாள்.

ராசாத்தி மெதுவாக நடந்து வந்தாள். அவன் கையிலிருந்த ரிசீவரை வாங்கினாள். இதுவரை அதைத் தொட்டறியாதவள், அவன் வைத்திருந்த மாதிரியே காதில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"என்னிக்கு?" என்றாள்.

"ஆடி மூணுக்கா."

அவள் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. அந்தப் புதுக்கயிற்றைப் பிடித்தபடி சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். அடுத்தவர் ஆபீஸ், ஆண்கள் நடமாடுகிற இடம். வாய்விட்டு அழக்கூட அவளுக்கு அங்கே வழியில்லை. முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். ரிசீவரை அதன் இடத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் போய்க் குந்துவதா வேண்டாமா என்று தெரியாமல் மூக்கையா நின்றான்.

முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவள்தான் பேசினாள்.

"அந்தத் தழும்ப நீ மறக்காம எழுதிப் போட்டியே தம்பி. அதுனாலதானே அவருதான்னு தெரிஞ்சுச்சு. இல்லாட்டி யாரோ எவரோன்னு போயிருப்பாரே. காலம் பூரா வருவாரு வருவாருன்னு வாசலப் பாத்துக்கிட்டே கெடந்திருப்பேனே. ஒனக்குக் கோடிப் புண்ணியம். நீ நல்லாருப்பே."

அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். மறுபடி போன் அடித்தது.

"ஹலோ... ஆமா, புதுக்கோட்டைதான்... ஆமாண்ணே, கட்டாயிருச்சு... நீங்களே கூப்பிட்டீங்களா... ம், சொல்லிட்டேன். அக்கா இங்கதான் இருக்கு... எழுதிக்கங்க. பிச்சை... அப்பா பேரு ராக்கன்... சம்சாரம் ராசாத்தி... புள்ளைங்க இல்லண்ணே... ஆமா, நிச்சயமா அவருதான். சந்தேகமே இல்ல... அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்களா. ம்... எடம் தெரியுமா?... சரி."

ராசாத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் சொல்கிற ஒவ்வொரு சொல்லும் அவள் காதில் விழுந்தது.

"என்னண்ணே?... துரை கேக்குறாரா?... அதானே. மனுவுல இல்லாத அடையாளத்த வச்சு எப்படி அவருதான்னு சொல்லலாம்னு கேப்பாருதான்... காரணம் எழுதணுமா. எழுதுனாத்தான் ரிஜிஸ்தருல மச்சான் பேரு ஏறுமா..."

மூக்கையா அக்காவைப் பார்த்தான். அவளுக்கு இன்னும் புரியவில்லை. மனுவுல இல்லாத அடையாளம் என்றதும் அவள் புருவம் மட்டும் கொஞ்சம் சுருங்கியது.

"எப்படிண்ணே எழுதலாங்கிறீங்க?... சம்சாரம் சொல்ல மறந்துருச்சுன்னா?"

நல்ல மனுஷன் சவரியப்பன். ஒரு சிக்கலும் வராத வழியைத்தான் காட்டினார். படிக்காத பெண், துக்கத்தில் மறந்துவிட்டாள் என்றால் எந்தத் துரையும் மேற்கொண்டு கேட்க மாட்டான். ஆமாம் என்று ஒரு சொல் போதும். அக்காவுக்கும் அந்த ஒரு சொல்லில் எதுவும் விளங்கப்போவதில்லை. மூக்கையா அந்தச் சொல்லை நாக்கு நுனிவரை கொண்டுவந்தான்.

"இல்லண்ணே... இல்ல, அப்படி எழுதாதீங்க. அக்கா மறக்கல. மொதல்ல அதத்தான் சொல்லுச்சு. எழுது எழுதுன்னு சொல்லுச்சு. நான்தான் எழுதல... இல்லண்ணே, மறதியெல்லாம் இல்ல. வெள்ளைக்காரன் படிச்சா நம்மளக் கேவலமா நெனப்பான்னு வேணும்னேதான் எழுதாம விட்டேன். எழுதிட்டேன்னு அக்காக்கிட்டப் பொய்யும் சொன்னேன்... ஆமா, இங்கதான் இருக்கு. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு... அப்படியே எழுதிக்கங்க, நான் கையெழுத்துப் போட்டு அனுப்புறேன்... இங்கிலீசுலயா?... நீங்களே போட்டுக்கங்கண்ணே. இதுக்கெல்லாம் எனக்கு வார்த்தை தெரியாது... வச்சுர்றேன்."